அநாதைப் பிள்ளையும் விதவைத் தாயும்

(பங்குக் குடும்பங்களுக்கு ஞானோபதேசப் பாடம்)



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, பூசை உடுப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் வாசலில் காத்திருந்தார். "சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி" என்றார். அவருடைய மகள் அமெரிக்காவில் தாதியாக வேலை பார்க்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

"சாமி, அவள் பூசை காணப்போகிற பங்கிலேயிருந்து பத்து நாளைக்கு ஹொண்டூராஸ் தேசத்துக்கு ஊழியத்துக்குப் போகிறார்களாம். அங்கே ஓர் அநாதை இல்லத்திலே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நானும் போகட்டுமா அம்மா என்று போனிலே கேட்கிறாள். புண்ணிய காரியந்தானே, சாமி?" என்றார்.

நான் உடனே "ஆம்" என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். சொல்லவில்லை. "ஒரு வாரம் தவணை கொடுங்கள், அம்மா" என்றேன். ஏனென்றால், அதே தேசத்தில், அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில், நானும் ஒருமுறை நான்கு வாரம் ஊழியம் செய்திருக்கிறேன். அங்கே நான் செய்த ஒரு தவறு இன்றுவரை என் மனச்சாட்சியை உறுத்துகிறது. நம் பிள்ளைகள் பலர் வெளிதேசங்களில் இருக்கிறபடியால், இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளுக்கு வரக்கூடும். ஆகவே அந்தத் தாயாருக்கு நான் பிறகு சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

1. அங்கே ஒரு நாள் கழியும் விதம்

அப்போது நான் உரோமாபுரியில் வேதசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. கோடை விடுமுறையில் மாணாக்கர் சிலர் ஒன்றுகூடி ஹொண்டூராசுக்குப் புறப்பட்டோம். அது மத்திய அமெரிக்காவிலுள்ள ஒரு சிறு தேசம்; ஜனங்கள் பேசுவது ஸ்பானிஷ் பாஷை. நாட்டின் பாதுகாவலி சுயாப்பா மாதா. 1747-ம் ஆண்டில் வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு கூலியாள் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுரூபத்தின் உயரம் ஏறக்குறைய இரண்டரை அங்குலமே. உள்ளங்கையில் அடங்குகிற அந்த மாதாவிடம் ஏழை ஜனங்கள் வைத்திருக்கும் பக்தியைக் கண்டு நான் வியந்தேன்.

நாங்கள் போன இல்லம் தலைநகராகிய தெகுசிகல்பாவிலிருந்து சற்றுத் தொலைவில், மலைப்பக்கத்தில் இருந்தது. அறுபது பிள்ளைகள். 14 பையன்கள் இருந்த ஒரு வீட்டில் என்னை உதவிக்கு விட்டார்கள். அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். பிள்ளைகள் அவரை 'தியா' என்று கூப்பிடுவார்கள். அத்தை, சித்தி என்று நாம் சொல்வது போன்ற வார்த்தை அது.

காலை ஐந்து மணிக்குத் தியா விளக்கைப் போடுவார். பையன்கள் எழுந்து படுக்கையைச் சீர்செய்து, வீட்டைக் கூட்டித் துடைப்பார்கள். ஏழு வயதுப் பையனுக்கும் அவனுக்கென்று ஒரு வேலை உண்டு. ஆறு மணிக்குக் காலை ஆகாரம்: தட்டிச் சுட்ட சோள ரொட்டி, வேகவைத்து மசித்த சிவப்புப் பயறு, சில நாள் ஒரு முட்டை. ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம். பெரிய பையன்கள் போனபின் சின்னஞ்சிறுவர்கள் சிலர்தான் வீட்டில் இருப்பார்கள்.

அதன்பிறகுதான் வேலை. அங்கே வீட்டுக்கு வீடு 'பிலா' என்று ஒன்று உண்டு. சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டியும், அதை ஒட்டி வரிவரியாக மேடு வைத்த துவைகல்லும் சேர்ந்தது. 14 பையன்களின் உடுப்பும் விரிப்பும் அதில் துவைத்தாக வேண்டும். முதல் நாளே என் விரல் முட்டிகளில் தோல் உரிந்துவிட்டது. துணி உலர்த்தியதும், பயறைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்குவோம். நம் தாய்மார் அரிசியில் கல் பொறுக்கியதை நினைத்துக்கொள்வேன். மத்தியானம் மறுபடியும் பயறும் சோறும். பிற்பகலில் வீட்டுப்பாடம், அது மழைக்காலமானபடியால் அடிக்கடி மழை வந்து, உலர்ந்த துணியையும் நனைத்துவிடும். சாயங்காலம் பந்து விளையாட்டு. ஆறு மணிக்கு ஜெபமாலை: ஒரு பையன் முன்சொல்ல, மூன்றாம் தேவ இரகசியத்துக்குள் பாதிப்பேர் தூங்கி விழுவார்கள். எட்டு மணிக்கு விளக்கு அணையும்.

எங்களுக்குத்தான் அதோடு வேலை முடிந்தது. தியாவுக்கு முடியாது. படுக்கையை நனைத்தவன், காய்ச்சல் கண்டவன், கனவு கண்டு அலறுகிறவன் என்று இரவெல்லாம் யாராவது அவரைக் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவரே மறுபடியும் விளக்கைப் போடுவார்.

2. நான் செய்த தவறு

வீட்டில் எல்லாரிலும் இளையவன் நான்கு வயதுப் பையன். அவனைச் சின்னவன் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். நான் போய் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஊர் பேர் தெரியாத என்னிடம் இவ்வளவு அன்பா என்று உருகிப்போனேன். அவனுக்கு ஒரு பொம்மை மோட்டார் வாங்கிக் கொடுத்தேன். துணி துவைக்கும்போதும் அவன் என் முதுகில் தொங்குவான். வேலையைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாட்களும் உண்டு. அவனோடு படமும் எடுத்துக்கொண்டேன். மற்றப் பையன்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு உறவினர் வந்து பார்க்கலாம். என் மூன்றாம் ஞாயிறு அந்த நாள். பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் இருபது பேருக்கு மேல் நிற்கிறார்கள்! தாய்மார், பாட்டிமார், வயது வந்த அண்ணன்மார். அநாதை இல்லத்தில் இத்தனை தாய்மாரா என்று திகைத்தேன்.

சின்னவனின் தாயும் வந்திருந்தாள். புருஷன் இறந்தபின் தலைநகரில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறவள். பிள்ளையோடு தங்க அங்கே இடம் கொடுக்கவில்லை. அதனாலேயே அவனை இல்லத்தில் விட்டிருந்தாள். இரண்டு பஸ் மாறி, ஒரு காகிதப்பையில் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னவன் பொம்மை மோட்டாரை வைத்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தான். அவள் இரு கையையும் நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவன் வரவில்லை. ரொட்டிப்பையைப் பெஞ்சியின் மேல் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் என் மனதில் எழுந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பெற்ற தாயைவிட என்னிடம் பிரியமாயிருக்கிறானே என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது; ஆனாலும் மறைத்தால் இந்தப் பாடத்தால் பயனில்லை.

அன்றிரவு தியா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கோபமில்லாமல்தான் சொன்னார்: "சகோதரரே, நீங்கள் நல்லவர். ஆனால் அடுத்த வாரம் போய்விடுவீர்கள். போன வருஷம் வந்தவரும் இவனை இப்படித்தான் தூக்கி வைத்திருந்தார். அவர் போனபின் மூன்று இரவு அழுதான். நீங்கள் போனாலும் அழுவான். அப்புறம் அவனுக்கு இருக்கிறது அவன் தாயும் நானுந்தான். எங்களை விட்டு அவனை விலக்கிவிடாதீர்கள்."

மறுநாள் முதல் நான் துவைகல்லை விட்டு அசையவில்லை. ஆயினும் புறப்படும் காலையில் சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டபோது, மனம் தாங்காமல், எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷ் பாஷையில், "அடுத்த வருஷம் வருவேன்" என்று சொல்லிவிட்டேன். போகவில்லை. பின்பு ஒருபோதும் போகவில்லை.

3. வேதாகமம் காட்டும் வழி

அர்ச். யாகப்பர் தமது நிருபத்தின் முதல் அதிகாரத்தில், சர்வேசுரனுக்கு உகந்த பரிசுத்த பக்தி இன்னதென்று சொல்லும்போது, அநாதைப் பிள்ளைகளையும் விதவைகளையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறார். பழைய ஏற்பாட்டிலும் இந்த இருவரும் பலமுறை சேர்ந்தே வருகிறார்கள். காரணம் எளிது. அக்காலத்தில் அநாதை என்றால் பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு தாய் நிற்கிறாள். அவளே அந்த விதவை. இருவரும் ஒரே வீட்டார். நாமோ பிள்ளையை மட்டும் எடுத்து ஓர் இல்லத்தில் வைத்து அன்பு செய்துவிட்டு, தாயை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

எலியாஸ் தீர்க்கதரிசியை நினையுங்கள். சரேப்தா ஊர் விதவைக்கும் அவள் மகனுக்கும் பஞ்சகாலத்தில் கிடைத்தது என்ன? குறையாத மாவும் எண்ணெயும், அவர்கள் வீட்டிலேயே. பின்பு அந்த மகன் இறந்தபோது தீர்க்கதரிசி அவனை உயிர்ப்பித்துத் தாயின் கையில் கொடுத்தார். நமது ஆண்டவரும் நாயீன் ஊர் வாசலில் விதவையின் ஒரே மகனை உயிர்ப்பித்தார். அந்த வாலிபனைத் தம்மோடு அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒரு நல்ல சீடன் கிடைத்திருப்பான். அப்படிச் செய்யாமல் அவனைத் தாயிடம் ஒப்புவித்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். சின்னவனின் தாய் கையை நீட்டியபோது நான் செய்திருக்க வேண்டியதும் அதுவே.

4. அறிஞர்கள் கண்டது

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. யூனிசெப் ஸ்தாபனம் தாய் தந்தை இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அநாதை என்றே கணக்கிடுகிறது. 2015-ம் ஆண்டில் அக்கணக்குப்படி உலகில் அநாதைகள் ஏறக்குறைய 14 கோடி. அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் ஒன்றரைக் கோடி அளவே. மற்றவர்களுக்குத் தாயோ தகப்பனோ உண்டு. பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்புவது பல இடங்களில் மரணமல்ல, வறுமையே.

கம்போடியா தேசத்தில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்களின் தொகை நூற்றுக்கு 75 வீதம் கூடியது. அங்கே அநாதைகள் அந்த அளவு பெருகிவிடவில்லை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருந்தார்கள். வெளிதேசத்தார் பணத்தோடும் இரக்கத்தோடும் வந்து பார்த்ததே இல்லங்கள் பெருக ஒரு காரணமாயிற்று. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 2009-ம் ஆண்டில், வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று நெறிமுறை வகுத்தது. 2019-ம் ஆண்டில் அதே சபை, அநாதை இல்லங்களுக்கு ஊழியப் பயணம் போவதால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய கேடுகளையும் எடுத்துச் சொல்லி எச்சரித்தது.

ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியும் உண்டு. இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பல ஆண்டு கவனித்தார்கள். குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகள் புத்தியிலும் மனநலத்திலும் அதிகம் தேறினார்கள். இரண்டு வயது நிரம்புமுன் குடும்பத்துக்குப் போனவர்கள் எல்லாரிலும் நன்றாகத் தேறினார்கள். இல்லங்களில் வளரும் குழந்தைகள் முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வதை அறிஞர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அது மிகுந்த அன்பின் அடையாளமல்ல. நிலையான ஒருவரின் அன்பு கிடைக்காததன் அடையாளம். சின்னவன் முதல் மணி நேரத்தில் என்னைக் கட்டிக்கொண்டதை நான் பாராட்டு என்று எண்ணினேன். அது அவன் காயம்.

5. திருச்சபையின் முன்மாதிரி

அப்படியானால் பிள்ளைகள் இல்லங்களே தீமை என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருவருமே இல்லாத பிள்ளைகள் உண்டு. வீட்டில் ஆபத்துள்ள பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகத் தங்கள் ஜீவியத்தையே கொடுத்த கன்னியரையும் தியாமாரையும் நான் குறைசொல்லத் துணியேன்.

அர்ச். வின்சென்ட் தெ பவுல் 1638-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளின் பராமரிப்பை ஏற்கத் தொடங்கினார். அந்தக் குழந்தைகளில் பலர் கிராமங்களில் பால்கொடுக்கும் தாய்மாரின் வீடுகளில் வளர்க்கப்பட்டார்கள். அர்ச். லூயிஸ் தெ மரிலாக்கின் சகோதரிகள் அவ்வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்து வந்தார்கள்.

நம் காலத்துக்குக் கிட்ட, 1954-ம் ஆண்டில், மெக்சிக்கோவின் குவேர்னவாக்கா நகரில் வில்லியம் வாசன் சுவாமியார் என்ற அமெரிக்கக் குரு இருந்தார். கோவிலில் ஏழைகள் உண்டியலைத் திருடிய ஒரு பையனைப் போலீசார் பிடித்தார்கள். குருவானவர் அவனைத் தண்டிக்கக் கேளாமல், தம்மிடம் ஒப்புவிக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். நீதிபதி பிறகு இன்னும் எட்டுப் பையன்களை அனுப்பினார். அவ்வருட முடிவில் 32 பேர் ஆனார்கள். அப்படித் தொடங்கிய இல்லங்கள் ஹொண்டூராஸ் உட்படப் பல தேசங்களில் பரவின. (நான் போன இல்லம் வேறு.) கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கலாகாது என்பது அவருடைய சட்டம். வெளிதேச ஊழியர்களையும் பல ஆண்டுகளாக ஓராண்டுக்குக் குறையாமல் தங்கும்படி அந்த இல்லங்கள் கேட்டு வந்தன. வாசன் சுவாமியார் 2006-ம் ஆண்டில் இறந்தார்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்துக் கன்னியர்கள் 2016-ம் ஆண்டு முதல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். தங்கள் இல்லங்களிலுள்ள பிள்ளைகளின் உறவினரைத் தேடிப்பிடித்து, ஆயத்தம் செய்து, பிள்ளைகளை வீட்டுக்குத் திரும்ப அனுப்பவும், அதன்பின் அவ்வீடுகளைப் போய்ப் பார்க்கவும் பயிற்சி பெற்று உழைக்கிறார்கள்.

6. வினாவும் விடையும்

வினா: அப்படியானால் இப்படிப்பட்ட ஊழியத்துக்குப் போகலாமா, கூடாதா?
விடை: போகுமுன் நான்கு காரியம் விசாரிக்க வேண்டும். முதலாவது, அந்த இல்லத்திலுள்ள பிள்ளைகளுக்குத் தாயோ உறவினரோ உண்டா? அவர்களிடம் திரும்பச் சேர்க்க இல்லம் என்ன செய்கிறது? இரண்டாவது, வருகிற ஊழியரின் நன்னடத்தையை விசாரித்துத்தான் சேர்க்கிறார்களா, யாரையும் விட்டுவிடுகிறார்களா? மூன்றாவது, நம்மைக் குழந்தைகளோடு விடுவார்களா, அல்லது அங்கேயே தங்கி வளர்க்கிறவர்களின் பாரத்தைக் குறைக்கும் வேலையில் விடுவார்களா? நான்காவது, நாம் போவதால் உள்ளூர் ஏழை ஒருவரின் கூலி போகுமா?

வினா: குறுகிய காலம் போகிறவர் என்ன வேலை செய்வது நலம்?
விடை: துணி துவைப்பது, சமையல், கட்டட வேலை, தோட்டம், கணக்கு எழுதுவது. தாதி, வைத்தியர், ஆசிரியர் ஆனால் உள்ளூர் ஊழியருக்குத் தம் தொழிலைக் கற்றுக்கொடுப்பது இன்னும் நலம்; நாம் போனாலும் அது அங்கே நிற்கும்.

வினா: குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டால் தள்ளிவிடலாமா?
விடை: கூடாது. அன்போடு அணைத்து, அதன் தியாவின் கையில், தாய் வந்திருந்தால் தாயின் கையில் கொடுக்க வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்குறுதி ஒன்றும் சொல்லலாகாது. குழந்தையின் படத்தை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பவும் கூடாது. நம் வீட்டுக் குழந்தைக்கு அப்படிச் செய்ய எந்த அந்நியரையும் நாம் விடமாட்டோம்.

வினா: போகாதவர்களுக்கு இந்தப் புண்ணியத்தில் பங்கில்லையா?
விடை: உண்டு. ஒரு விதவைத் தாய் தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள உதவுகிறவன் அந்தப் பிள்ளைக்கு ஓர் இல்லமே கட்டிக் கொடுத்தவனாகிறான். வீட்டு வாடகையோ, பள்ளிச் சம்பளமோ, வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கையோ, எது முடியுமோ அது.

இந்த நான்கு கேள்விகளையும் அந்தத் தாயார் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய், அன்றிரவே மகளுக்குச் சொன்னார். மகள் அவற்றைத் தன் குழுவின் தலைவரிடம் கேட்டாளாம். இரண்டுக்குப் பதில் வந்தது; மற்ற இரண்டையும் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். போவதா வேண்டாமா என்று அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அவளுக்கு இஸ்பிரீத்து சாந்துவின் ஒளி கிடைக்கும்படி நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

7. இவ்வாரத் தீர்மானம்

இந்த வாரம் குடும்ப ஜெபம் முடிந்ததும், உங்கள் தெருவில் புருஷனை இழந்து பிள்ளைகளோடு இருக்கிற தாய் யார் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால், ஒருநாள் அவள் வீட்டுக்குப் போங்கள். போகும்போது பிள்ளைக்கு மட்டும் மிட்டாய் வாங்கிப் போகாதீர்கள். தாய்க்கு என்ன குறை என்று கேட்டு அதைக் கொண்டுபோங்கள். அவள் கையாலேயே பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

சின்னவனுக்கு இப்போது இருபது வயதுக்கு மேலாயிருக்கும். என்னை அவனுக்கு ஞாபகமிராது, அப்படியிருப்பதே நல்லது. பூசையில் உயிரோடிருப்பவர்களை நினைக்கிற இடத்தில் அவனை நினைக்கிறேன். பெஞ்சியின் மேல் ரொட்டிப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்த அந்தத் தாயையும் அவனோடு சேர்த்தே நினைக்கிறேன்.

சேசுநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு